மருந்துவாழ்மலை அடிவாரத்தில் அக்கானி: கிளம்பும் நேரம் முதல் கருப்பட்டி வாங்குவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வருகிறவர்களில் பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இங்க ப்ரூபப் எதாவது இருக்கா? மலையடிவாரம், கடல் காத்து, அங்கேயே காய்ச்சின பீர்னு இருந்தா எப்படி இருக்கும்!" எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. எந்த ஊரில் வாங்கினாலும் அதே பாட்டில்தான். ஆனால் உண்டாகிற இடத்திலேயே, உண்டான சில மணி நேரத்துக்குள், உண்டாக்கியவர் கையாலேயே வாங்கிக் குடிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு இங்கே வழி இருக்கிறது. போதை மட்டும் இருக்காது. பதநீர்தான் அது. எங்கள் பக்கம் அக்கானி என்போம்.

அக்கானி விஷயத்தில் எல்லாமே நேரம்தான். எந்தத் தோப்பு, எந்தப் பனை என்பதைவிட எந்த மாதம், எத்தனை மணி என்பதுதான் நீங்கள் குடிப்பது அக்கானியா, அக்கானி என்று பெயர் சொல்லி விற்கும் சீனித் தண்ணீரா என்பதைத் தீர்மானிக்கும். அதனால் நாளையும் பொழுதையும் வைத்தே இதைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

எந்த மாதம் வருவது

மாசி தொடங்கி வைகாசி வரை. அதிலும் பங்குனியும் சித்திரையும் உச்சம். அந்த உச்சத்தை ஆங்கில மாதத்தில் சொன்னால் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பனை முந்திக்கொண்டு பாளை விடும், பெண் பனை பிந்தி வரும். இரண்டிலும் அக்கானி இறக்கலாம். பெண் பனையின் பாளையைச் சீவிவிட்டால் அதில் நுங்கு காய்க்காது. "அக்கானியும் வேணும், அதே பனையில நுங்கும் வேணும்" என்று நிற்காதீர்கள். நுங்குக்கு என்று விட்ட பனை தனியாக இருக்கும்.

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கதை முடிந்தது. பாளையில் மழைநீர் இறங்கும், மரம் வழுக்கும், ஏறவும் மாட்டார்கள். டிசம்பர் விடுமுறையில் வந்து அக்கானி கேட்பவர்களுக்குச் சாலையோரத்தில் ஏதோ ஒன்றை ஊற்றிக் கொடுப்பார்கள். அது என்ன என்று கேட்காமல் இருப்பது நல்லது.

முந்தின நாளே ஆளைப் பார்த்து வைப்பது

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் சுசீந்திரம் தாண்டியதும் இடது பக்கம் தனியாக எழுந்து நிற்கும் மலைதான் மருந்துவாழ்மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது அதிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. மலைக்குப் போக பொற்றையடியில் இறங்க வேண்டும். அங்கிருந்து சாமித்தோப்பு, கொட்டாரம், அகஸ்தீஸ்வரம், அஞ்சுகிராமம் பக்கமெல்லாம் இன்னும் பனை நிற்கிறது. மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோடு கல்குளம் பக்கமும் ஒரு காலத்தில் பனை அடர்ந்துதான் இருந்தது. அந்த இடத்தில் இன்று ரப்பர் நிற்கிறது. எனவே அக்கானிக்குக் கிழக்கேதான் வர வேண்டும்.

பனை இருக்கிற இடமெல்லாம் ஏறுகிற ஆள் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். ஏறுகிற தலைமுறைக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். பத்துப் பனைக்கு நடுவே ஒன்றிரண்டில்தான் கலயம் தொங்கும். ஆகையால் முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு சுற்று போய்வாருங்கள். அந்த நேரத்தில் பாளை சீவுவதற்காக மறுபடியும் ஏறுவார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் கலயம் கண்ணில் படும். அல்லது ஒரு டீக்கடையில், "அண்ணாச்சி, இங்க அக்கானி இறக்குறவங்க யாரு இருக்கா?" என்று கேட்டால் போதும். கடைக்காரர் மட்டுமல்ல, டீ குடித்துக்கொண்டிருக்கும் எல்லோரும் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

ஆளைக் கண்டால் மூன்று விஷயம் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு முதல் சுற்று முடியும், குடிக்க எத்தனை பேருக்குக் கிடைக்கும், காய்ச்சுவது எங்கே. வயதானவர் என்றால் பாட்டா என்றே கூப்பிடலாம், சங்கடப்பட மாட்டார். "பாட்டா, நாளைக்கு நாலு பேரு வாறோம்" என்றால், "வா மக்கா, எட்டு மணிக்குள்ள வந்துரணும், பெறவு காய்ச்ச ஊத்திருவா" என்று பதில் வரும். அந்த எட்டு மணியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடிக்க விற்பது அவர்களுக்கு உபரிதான். பிழைப்பு கருப்பட்டியில் இருக்கிறது. அடுப்பில் ஊற்றிவிட்டால் உங்களுக்காக எடுத்துவைக்க மாட்டார்கள்.

அதிகாலை: முதலில் மலை, பிறகு பனை

அக்கானியைக் குடித்துவிட்டு மலை ஏறலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். அரை லிட்டர் இனிப்புத் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு வெயிலில் பாறை ஏறுவது பாடு. விடியும் முன்பே மலை ஏறத் தொடங்குங்கள். கொஞ்ச தூரம் படி இருக்கும், மேலே போகப் போகப் பாறையும் ஒற்றையடிப் பாதையும். நிதானமாக ஏறினாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி உச்சியில் இருப்பீர்கள். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை வழியில் இருக்கிறது. உச்சியில் அனுமனுக்குச் சிறு கோயில்.

மேலே நின்று பார்த்தால் தெற்கே கடல், வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள், கீழே குளமும் வயலும் தென்னையும். தென்னந்தோப்புகளுக்கு இடையில் விசிறி மடல் விரித்துத் தனித்தனியாக நிற்பவை பனைகள். நீங்கள் மேலே இருக்கும்போதே கீழே ஏற்றம் தொடங்கியிருக்கும். கண் கூர்மையாக இருந்தால் ஏதாவது ஒரு பனையின் கழுத்தில் ஆள் அசைவது தெரியும். ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கினால் எட்டுக்குள் பனைக்கடியில் இருக்கலாம்.

மலை ஏற முடியாதவர்கள் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு நேரே வந்துவிடலாம். காரில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும், அவ்வளவுதான்.

பனைக்கடியில் நடந்துகொள்ளும் முறை

மரத்தடியில் நேர் கீழே நிற்காதீர்கள். மேலிருந்து பாளைச் சீவல் விழும், காய்ந்த மட்டை விழும், சில நேரம் கைதவறி அரிவாளே விழும். பத்தடி தள்ளி நின்றால் நன்றாகவும் தெரியும், தலைக்கும் நல்லது. ஏறிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கவே கூடாது. காலில் ஒரு தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, இவை தவிர அவருக்குப் பிடிமானம் அவருடைய உடம்புதான். போட்டோ எடுப்பதானால் இறங்கியபின் கேட்டுவிட்டு எடுங்கள். "எடுத்துக்கோ" என்பார்கள். கேட்காமல் எடுத்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது.

மேலே நடப்பது இதுதான். பாளை என்பது பனையின் பூங்கொத்து. அதை நாட்கணக்கில் இடுக்கியால் நெரித்துப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கீழே கலயத்தைக் கட்டுவார்கள். வெட்டுவாயிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு சீவல், அதுவும் காகிதம்போல. தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் இரண்டு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஒழுக்கு நின்றுவிடும். சீசனில் பனையேறிக்கு லீவு இல்லாததன் காரணம் இந்தச் சீவல்தான். வீட்டில் கல்யாணம் என்றாலும் ஏறி இறங்கிவிட்டுத்தான் பந்திக்கு வருவார்.

இறங்கியதும் கவனியுங்கள். கலயத்திலிருப்பதைக் குடத்துக்கு மாற்றும்போது வாயில் ஒரு துண்டு பன்னாடையை வைத்து ஊற்றுவார். பனை மட்டையின் அடியில் வலைபோல இருக்கும் நார்த்துணி அது. தேனீயும் எறும்பும் பூந்துகளும் அதில் தங்கிவிடும், தெளிந்தது கீழே இறங்கும். சில தேனீக்கள் குடித்துக் கிறங்கி நார்மேல் மெல்ல நடந்துகொண்டிருக்கும். அவர் அதைப் பார்க்காமலே ஒரு தட்டுத் தட்டி உதறிவிட்டு அடுத்த கலயத்தை எடுப்பார். பிளாஸ்டிக் வடிகட்டி வந்துவிட்ட இடங்களும் உண்டு. எனக்கு அதில் குடிக்க மனம் வருவதில்லை, ஆனால் சுத்தத்தில் குறை ஒன்றும் இல்லை.

குடிப்பது

பட்டையில் கேளுங்கள். குருத்தோலையை விரித்து, இரண்டு முனையையும் மடக்கிச் சேர்த்து, ஓலை நாராலேயே ஒரு முடிச்சு. அரை நிமிடத்தில் பாத்திரம் தயார். அடியில் இரண்டு கையையும் ஏந்திப் பிடிக்க வேண்டும். ஒரு கையில் செல்போனும் மறு கையில் பட்டையுமாகச் செல்பி எடுக்கப் பார்த்தவர்களின் சட்டை நனைந்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஓரத்தில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம், மூக்குக்கு நேராகக் குவிந்திருக்கும் மூலையில் வாய் வைத்து மெல்லச் சாய்த்தால் தானாக வரும். பச்சை ஓலையின் மணம் சேர்ந்துதான் அதன் ருசி. கண்ணாடி டம்ளரில் பாதிதான் கிடைக்கும்.

புளிமாங்காயை நறுக்கிப் பட்டையில் போட்டுக் குடிப்பது இங்கே வழக்கம். இனிப்பு திகட்டாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. நுங்கு கிடைத்தால் விரலால் நெம்பி அதையும் போடலாம். முதல் தடவை குடிப்பவர்கள் ஒரு பட்டையோடு நிறுத்துங்கள். பழக்கமில்லாத வயிற்றை அது கொஞ்சம் இளக்கிவிடும். பக்கத்தில் நல்ல கழிப்பறை இருக்காது.

இனி ருசியில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பனஞ்சாற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் மரத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்தவுடன் வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறும், கூடவே லாக்டிக் பாக்டீரியா புளிப்பைச் சேர்க்கும். சும்மா விட்டால் காலையில் இறக்கியது மதியத்துக்குள் கள். இதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்சுவரில் சுண்ணாம்பு பூசுகிறார்கள். சுண்ணாம்பு சாற்றுக்குக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) ஏற்றும், அதில் ஈஸ்ட்டால் பெருக முடியாது. இதில் அளவுதான் கைப்பழக்கம். குடிக்க இறக்குவதற்குக் குறைவாகவும், காய்ச்ச இறக்குவதற்குச் சற்றுத் தாராளமாகவும் பூசுவார்கள்.

சரியான அக்கானி லேசாகக் கலங்கி வெளிறியிருக்கும். நாக்கில் முதலில் இனிப்பு, பின்னால் கலயத்தின் மெல்லிய புகை வாசம், தொண்டையில் இறங்கும்போது ஒரு துளி உவர்ப்பு. நாக்கு நுனி சுருக்கென்று விறைத்தால் சுண்ணாம்பு கூடிப்போயிருக்கிறது. கொஞ்சம் தெளியவைத்து மேலாக ஊற்றித் தரச் சொல்லுங்கள், அடியில் தங்கிவிடும். புளிப்புத் தட்டி மேலே குமிழி ஓடினால் சுண்ணாம்பு போதாமல் நொதிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் வெறும் இனிப்பு மட்டும், அதுவும் குடித்து முடித்தபிறகும் நாக்கைவிட்டுப் போகாத இனிப்பு என்றால் சாக்கரின் கலந்த தண்ணீர். அது பனைக்கடியில் நடக்காது, நெடுஞ்சாலையோரத்தில் நடக்கும்.

குடிக்கும்முன் சிலர் யோசிக்க வேண்டியது

சர்க்கரை நோய் உள்ளவர்கள் "இயற்கை இனிப்புதானே" என்று ஏமாறாதீர்கள். அக்கானியிலும் கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே பொருள். அதோடு கொஞ்சம் தாது உப்புகளும் இருக்கின்றன என்பதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது.

இன்னொன்று வவ்வால். இரவில் பழந்தின்னி வவ்வால்கள் பாளையை நக்க வரும். வங்கதேசத்தில் பச்சையாகக் குடித்த ஈச்சஞ்சாறு வழியாக நிபா வைரஸ் பரவியது உறுதிசெய்யப்பட்ட விஷயம். 2018இல் நமக்குப் பக்கத்திலேயே கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் நிபா வந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கலயத்தின் வாயையும் பாளையையும் ஓலையாலோ பன்னாடையாலோ மூடிக் கட்டுகிறாரா என்று பாருங்கள், மூடாதவரிடம் பச்சையாக வாங்காதீர்கள். கேரளத்தில் நிபா செய்தி வருகிற காலத்தில் பச்சை அக்கானியையே விட்டுவிட்டுக் காய்ச்சியதைக் குடியுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எப்போதும் காய்ச்சியதே சரி.

காய்ச்சும் இடம்

பலர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏறுவது ஆண் என்றால் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண். விடிலி என்கிற ஓலைக் குடிசையிலோ, வீட்டின் பின்புறத்துச் சாய்ப்பிலோ அடுப்பு இருக்கும். எரிப்பது காய்ந்த பனையோலை, மட்டை, தென்னஞ்சூட்டு. உள்ளே புகை, வெளியே சித்திரை வெயில். "உக்காருங்க, வேர்க்கும்" என்று அக்கா சொல்வார். உங்களுக்குப் பத்து நிமிடத்தில் வேர்க்கும், அவர் மதியம்வரை அங்கேயே இருப்பார்.

அகன்ற பாத்திரத்தில் ஊற்றி எரிக்கத் தொடங்கினால் முதலில் நுரை பொங்கும். பொங்கி வழியப் போகும் நேரத்தில் ஆமணக்கு முத்தை நசுக்கித் துளி போடுவார், நுரை அடங்கிவிடும். அதில் இருக்கும் எண்ணெய்தான் காரணம். அப்புறம் நிறம் மாறும். வெள்ளை போய்ச் சந்தனம், சந்தனம் போய்த் தேன், தேன் கறுத்துப் பாகு. பாகாவதற்குச் சற்று முந்திய தேன் பதத்தைக் கூப்பனி என்பார்கள். இந்த நேரத்தில் அங்கே இருந்தால் வெட்கப்படாமல் ஒரு கரண்டி கேளுங்கள். சூடாக, ஒரு துண்டு தேங்காயோடு. கடையில் எந்த விலைக்கும் இது கிடைக்காது, ஏனென்றால் இந்தப் பதம் அடுப்பில் சிறிது நேரம்தான் நிற்கிறது.

கடைசிப் பதத்தை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை ஒரு கிண்ணத் தண்ணீரில் விடுவார். கரைந்தால் இன்னும் எரிக்க வேண்டும். உருண்டு திரண்டு, எடுத்துத் தரையில் போட்டால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகினால் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அடி பிடித்துக் கசக்கும். இறக்கியதும் மரத்துடுப்பால் கிண்டி, நனைத்து வைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஆறியபின் கவிழ்த்தால் அந்த அரைவட்ட வடிவம். ஏறத்தாழ எட்டு லிட்டர் அக்கானி எரிந்து ஒரு கிலோ கருப்பட்டி ஆகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது உதவும்.

கருப்பட்டி வாங்குவது

எட்டு லிட்டர் சாறு, அதை இறக்க எத்தனையோ ஏற்றம், மூன்று மணி நேர அடுப்பு, விறகு. இத்தனையும் சேர்ந்த பொருள் சீனி விலைக்குப் பக்கத்தில் கிடைக்கிறது என்றால் அது கருப்பட்டியாக இருக்க வழியே இல்லை. சீனிப் பாகில் கொஞ்சம் பழைய கருப்பட்டியைக் கரைத்து நிறம் ஏற்றி அதே சிரட்டையில் ஊற்றி விற்பது பெரிய வியாபாரமாகவே நடக்கிறது. வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

உடைத்துப் பாருங்கள். சீனி கலந்ததில் உடைந்த முகம் வெயிலில் படிகமாக மினுமினுக்கும், கல்போல இறுகியிருக்கும். நல்ல கருப்பட்டி அவ்வளவு இறுக்கமாக இருக்காது, கரும்பழுப்பாக மங்கலாக இருக்கும், வாயில் போட்டால் இனிப்போடு ஒரு கரகரப்பும் புகை வாசமும் லேசான உவர்ப்பும் வரும். தண்ணீரில் கரைத்தால் அடியில் கொஞ்சம் கசண்டு தங்கும், அது குறை அல்ல. இந்தச் சோதனைகள் எதுவும் நூற்றுக்கு நூறு அல்ல. கண்ணெதிரே காய்ச்சியவரிடம் வாங்குவதுதான் ஒரே உறுதி. அதனால்தான் மதியம்வரை இருங்கள் என்கிறேன். பேரம் பேசாதீர்கள். ஐம்பது அடி மேலே போய்வந்த பொருளுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்வது அழகில்லை.

சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கிண்டிய கருப்பட்டி கிடைத்தால் அதையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக் கருப்பட்டிக் காப்பிக்கு நேராகப் போட்டுக்கொள்ளலாம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் கருப்பட்டிக்கு அப்படி முத்திரை இல்லை, ருசியில் எது மேல் என்று என்னிடம் கேட்டால் நான் ஊர்ப்பாசத்தோடுதான் பதில் சொல்வேன்.

பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தால்

சாமித்தோப்புக்குப் போய்வாருங்கள். அய்யா வைகுண்டரின் தலைமைப் பதி, அதாவது வழிபாட்டுத் தலம், அங்கே இருக்கிறது. ஆண்கள் சட்டை கழற்றித் தலைப்பாகை கட்டி உள்ளே போக வேண்டும். கருவறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி இருக்கும். திருவிதாங்கூர் ஆட்சியில் பனையேறும் மக்கள் மேல் விழுந்த வரிகளில் ஏறும் ஏணிக்கும் காலில் போடும் தளைக்கும்கூட வரி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மக்களிடையே எழுந்த குரல் அய்யாவுடையது. காலையில் அந்தத் தளைநாரைக் கையில் தொட்டுப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வரலாறு வேறு மாதிரிப் புரியும்.

வீட்டுக்குக் கொண்டுபோக

பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி மூடியை இறுக்காதீர்கள். காருக்குள் வெயிலில் நொதித்து வாயு சேர்ந்து மூடி தெறிக்கும், சீட்டெல்லாம் பிசுபிசுப்பு. எவர்சில்வர் தூக்கில் முக்கால் அளவு ஊற்றி, மூடியை லேசாக வைத்து, லாட்ஜுக்கோ வீட்டுக்கோ போனவுடன் கொதிக்கவையுங்கள். காய்ச்சி ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளுக்கும் இருக்கும்.

அல்லது அக்கானிக் கஞ்சி வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் அக்கானிக்கு ஒரு கைப்பிடி பச்சரிசி, அரைக் கைப்பிடி சிறுபயறு. பயறை முதலில் தனியாகத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்துவிட வேண்டும். நேராக அக்கானியில் போட்டால் இனிப்பில் விறைத்துக்கொண்டு எவ்வளவு எரித்தாலும் வேகாது. அக்கானியைத் தெளியவைத்து, அடிச் சுண்ணாம்பு வராமல் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரிசியும் வெந்த பயறும் சேர்த்துக் குழைய விட்டு, இறக்கும்போது துருவிய தேங்காய். தனியாக இனிப்பு வேண்டாம். நாலு பேருக்குக் காலைச் சாப்பாடு.

கருப்பட்டியைக் கண்ணாடி பாட்டிலிலோ மண்பானையிலோ ஈரம் படாமல் வையுங்கள். மழைக்காலத்தில் நல்ல கருப்பட்டி இளகிக் கசியும், அதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப்போடாதீர்கள். எங்கள் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில் வைப்பது இதற்காகத்தான். கேஸ் அடுப்பு வீட்டில் நாலு நாளுக்கு ஒருமுறை வெயில் காட்டினால் போதும்.

"கள் கிடைக்குமா?"

இதைக் கேட்காமல் யாரும் போவதில்லை. சுண்ணாம்பு பூசாத கலயத்தில் இறங்குவது கள்தான், மரமும் அதே மரம், ஆளும் அதே ஆள். ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவோ விற்கவோ தடை இருக்கிறது. அக்கானி இறக்குபவரிடம் ரகசியமாகக் கள் கேட்பது அவரைத்தான் சிக்கலில் மாட்டும். வழக்கு வந்தால் நீங்கள் ஊருக்குப் போயிருப்பீர்கள், அவர் ஸ்டேஷனில் நிற்பார். குடித்தே தீர வேண்டும் என்றால் களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் கேரள அரசின் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருக்கின்றன. அங்கே கிடைப்பது பெரும்பாலும் தென்னங்கள், தொட்டுக்கொள்ள மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். அங்கேயே குடித்து, அங்கேயே முடித்து, வண்டி ஓட்ட வேறொருவரை வைத்துக்கொண்டு திரும்புங்கள். பாட்டிலில் எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது.

தூங்கிப்போய்விட்டால்

எட்டு மணி தாண்டிவிட்டது, அக்கானி அடுப்புக்குப் போய்விட்டது என்றால் சாலையோரக் குடத்தைத் தேடி ஓடாதீர்கள். நேரே காய்ச்சும் இடத்துக்குப் போய்க் கூப்பனி கேளுங்கள். அதுவும் முடிந்திருந்தால் மாலை நாலரைக்குத் தோப்புக்கு வாருங்கள். அப்போது கலயத்தில் இருப்பது பகல் வெயிலில் இறங்கிய கொஞ்சம்தான், பெரும்பாலும் குடிக்கத் தர மாட்டார்கள். ஆனால் பாளை சீவுவதை அவசரமில்லாமல் பார்க்கலாம், இறங்கியதும் மறுநாள் காலைக்கு எத்தனை பேர் என்று சொல்லி வைக்கலாம்.